அந்த டிஸ்னிலேண்ட் மேப் அசல்தானா?

கேள்வி: அமெரிக்காவில் இருந்த சித்தப்பா கொடுத்த டிஸ்னிலேண்ட் சுவர் மேப்பில் வருஷமே போடவில்லை. பாலக்காட்டில் ஒருவர், லேமினேட் செய்து தந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் ஒட்டிய மேப்பைச் சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

வருஷத்தைப் படமே காட்டிக்கொடுக்கும். பார்க் திறந்தது 1955, டிஸ்னி ஓவியர் சாம் மெக்கிம் வரைந்த பெரிய சுவர் மேப் விற்பனைக்கு வந்தது 1958. பார்க்கில் பிறகு வந்தவற்றில் மேட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலையும் மோனோரயிலும் 1959, நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயர் என்ற பகுதி 1966, ஸ்பேஸ் மவுண்டன் சவாரி 1977, இவை மேப்பில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ஆனால் கட்டப்போவதையும் முன்கூட்டியே வரைந்துவிடுவார்கள். 1958 மேப்பில் இருக்கும் லிபர்ட்டி ஸ்ட்ரீட்டை அங்கே கட்டவே இல்லை! அதனால் ஒரே ஒரு கட்டடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம் அசலா நகலா என்பது. நகை பார்க்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள், பழைய ஆஃப்செட் அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்காக வரிசைகட்டி நிற்கும், இன்க்ஜெட் நகலில் தாறுமாறாகத் தெறித்திருக்கும். மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தட்டுப்படவில்லையா? சந்தேகமே வேண்டாம், ஸ்கேன் செய்து அடித்தது.

உங்கள் பக்கத்து மழைக்காலத்துக்கு பீரோவின் அடித்தட்டு ஆகாது, ஈரமில்லாத மேல்தட்டில் வையுங்கள், செல்லோடேப் கிட்டவே வரக்கூடாது.