செல்வி என்று பெயர் வைத்தால் குழப்பம் வருமா?

பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "மகள் பிறந்து நான்கு மாதம். மாமியார் பெயரான செல்வியையே வைக்க ஆசை. 'மிஸ் என்று பெயர் வைத்த மாதிரி இருக்கும், எந்தப் படிவத்தில் எழுதினாலும் குழப்பம்தான்' என்கிறான் தம்பி. வைக்கலாமா?"

தாராளமாக வையுங்கள். பெயருக்கு முன்னால் போடும் 'செல்வி' நேற்று வந்தது. 'குமாரி' இருந்த இடத்தில் தமிழ்ச் சொல் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். சொல்லோ சங்க காலத்தது. அகநானூற்றில் 'கானமர் செல்வி', 'கடல்கெழு செல்வி' என்று வருவது தெய்வம். காட்டையும் கடலையும் ஆள்பவள் என்ற பொருளில்தான் அங்கே செல்வி; பணக்காரி என்றோ கல்யாணம் ஆகாதவள் என்றோ அல்ல. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மகிழ்ந்து போவார்.

துருக்கியிலும் பெண்களுக்கு இந்தப் பெயர் உண்டு. அங்கே அது சைப்ரஸ் மரம். நம் சொல்லோடு உறவில்லை, ஒலி ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, தம்பியின் கவலைக்கு வருவோம். அது முழுக்கப் பொய்யில்லை. அப்பா பெயரைப் பின்னால் சேர்த்து 'செல்வி குமரன்' என்று எழுதினால், படிப்பவர் பெயரே குமரன்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். 'கு. செல்வி' என்று இனிஷியலை முன்னால் போட்டால் அந்தச் சந்தேகம் எழாது. கல்யாணத்துக்குப் பிறகு 'திருமதி செல்வி' என்று அழைப்பிதழில் வரும்போது யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பிழை ஒன்றுமில்லை.

இன்னும் தயக்கம் இருந்தால் கலைச்செல்வி, தமிழ்ச்செல்வி என்று முன்னால் ஒரு சொல் சேர்க்கலாம். ஆனால் அதில் வேறொரு தொல்லை. நடுவில் உள்ள 'ச்' சில சான்றிதழ்களில் இருக்கும், சிலவற்றில் காணாமல் போயிருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் மோசம். ஒரே பெண்ணுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். என்னைக் கேட்டால் வெறும் செல்வியே போதும்.

அப்புறம், பிறப்புப் பதிவில் பெயரை இப்போதே சேர்த்துவிடுங்கள். மாநகராட்சியில் 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அங்கே ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறீர்களோ, ஆதாரிலும் பள்ளியிலும் அதே எழுத்துகளைக் கொடுங்கள்.