அணுகுண்டு மேகத்துக்குள் விமானம்: கேள்வி பதில்

கேள்வி: வெடித்த அணுகுண்டின் மேகத்துக்குள் ஆட்களே விமானம் ஓட்டிப் போனார்களாமே, நிஜமா சார்?

பதில்: நிஜம்தான். குண்டு எப்படி வெடித்தது என்று அறிய, மேகத்திலுள்ள தூசியை எடுத்துவரத்தான் போனார்கள். 1946-இல் பசிபிக் கடலின் பிகினி தீவில் நடந்த சோதனைக்கு ஆளில்லாத பி-17 விமானங்களைத்தான் அமெரிக்கா அனுப்பியது. 1948-இல் அதே கடலின் எனிவெடாக் தீவில் நடந்த சோதனையில் பால் ஃபாக்லர் என்ற அதிகாரி ஓட்டிய விமானம் தவறிப்போய் மேகத்துக்குள் நுழைந்துவிட்டது. யாருக்கும் உடனே ஒன்றும் ஆகவில்லை. சரி, ஆட்களையே அனுப்பலாம் என்று துணிந்துவிட்டார்கள். எனக்கென்னவோ அது அவசர முடிவாகத்தான் படுகிறது.

கேள்வி: தூசியை எப்படிப் பிடிப்பார்கள்?

பதில்: எஃப்-84 விமானத்தில் இறக்கை நுனி டேங்குக்குள் வடிதாள் இருக்கும். பாய்ந்து வரும் காற்றிலுள்ள துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். தரையிறங்கியதும் நீளமான கம்பால் தாளை எடுத்து, ஈயப் பெட்டியில் அடைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

கேள்வி: கொஞ்சம் தூசியை வைத்து முழுக் குண்டையும் எப்படிக் கணக்கிட முடியும்?

பதில்: விகிதம் போதும். தாளில் மாலிப்டினம்-99 போன்ற பிளவுப் பொருள் (அணு பிளக்கும்போது உண்டாவது) எவ்வளவு, பிளக்காமல் மிஞ்சிய யுரேனியமோ புளூட்டோனியமோ எவ்வளவு என்று பார்ப்பார்கள். போட்ட எரிபொருளில் எத்தனை பங்கு எரிந்தது என்பது அதில் வந்துவிடும். அடுத்தவர் குண்டையும் இப்படித்தான் துப்பறிந்தார்கள். 1949 செப்டம்பரில் ஜப்பானிலிருந்து அலாஸ்காவுக்குப் பறந்த ஒரு அமெரிக்க பி-29 விமானம் கொண்டுவந்த வடிதாளில்தான் சோவியத்தின் முதல் குண்டு மாட்டிக்கொண்டது. 1964-இல் சீனா வெடித்தபோது, புளூட்டோனியமாக இருக்கும் என்று எதிர்பார்த்த அமெரிக்கர்களுக்குத் தூசியில் தெரிந்தது யுரேனியம்-235!

கேள்வி: புதுத் தனிமம்கூடக் கிடைத்ததாமே?

பதில்: இரண்டு. 1952 நவம்பர் 1 அன்று வெடித்த 'ஐவி மைக்' ஹைட்ரஜன் குண்டின் மேகத்தில் ஐன்ஸ்டைனியம், ஃபெர்மியம். யுரேனியம்-238 ஒரே நொடியில் பல நியூட்ரான்களை விழுங்கியதன் விளைவு. 1955 வரை ரகசியமாக வைத்திருந்தார்கள். அதே நாளில் மேகத்துக்குள் போய்த் திரும்பிய ஜிம்மி ராபின்சன் என்ற விமானி, எரிபொருள் தீர்ந்து எனிவெடாக்குக்கு அருகே கடலில் விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை. தனிமங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரையும் ஒரு வரி சொல்லலாம்.

கேள்வி: இப்போதும் இந்த வேலை நடக்கிறதா?

பதில்: நடக்கிறது. ஆனால் சோதனைகள் நிலத்தடிக்குப் போய்விட்டதால் மேகம் கிடையாது. வெடிப்பில் உண்டாகிப் பாறை இடுக்கில் கசியும் செனான் போன்ற வாயுக்களைத் தேடுவார்கள். செனான்-133-இன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஐந்து நாள் சொச்சம்தான், தாமதித்தால் போச்சு. 2006 அக்டோபர் 9-இல் வடகொரியா வெடித்ததும், 11-ஆம் தேதி எடுத்த காற்று மாதிரியை வைத்துத்தான் அது அணுவெடிப்பு என்று அமெரிக்கா உறுதி செய்தது.