ஏற்காடு சர்ச் போட்டோல வானம் கருக்கலைன்னு கேட்டவருக்கு

ப்ரோ, ஏற்காட்டுல பழைய சர்ச்ச பிளாக் அண்ட் ஒயிட்ல எடுத்தேன், ரெட் ஃபில்டர் போட்டும் வானம் வெளுத்தே கிடக்கு, கட்டடமும் பின்னாடி சாயுதுன்னு கேட்டிருந்தீங்க. ஃபில்டர் மேல தப்பில்லைங்க. சிவப்பு ஃபில்டர் நீல வெளிச்சத்த தடுக்கும், அதனால நீல வானம் இருந்தாத்தான் கருக்கும், ஆனா மூடுபனில இருக்கற தண்ணித்துளி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதான் வெள்ளையா தெரியுது, அதுல போய் எத தடுக்கறது சொல்லுங்க. அமெரிக்க போட்டோகிராஃபர் ஆன்சல் ஆடம்ஸ் 1927ல அங்க யோசெமிட்டில இருக்கற ஹாஃப் டோம் பாறைய முதல்ல மஞ்சள் ஃபில்டர்ல எடுத்துட்டு அப்புறம் அடர் சிவப்பு போட்டுத்தான் வானத்த கருப்பாக்கினாரு, ஆனா அன்னிக்கு அவருக்கு தெளிவான வானம் இருந்துச்சு.

நீல வானம் வேணும்னா மழை விட்ட மறுநாள் காலைல போய்ப் பாருங்க. இல்லைன்னா பனியவே சப்ஜெக்ட்டா வச்சுக்கிட்டு எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப், அதாவது கேமராக்குள்ள விழற வெளிச்சத்த ரெண்டு மடங்கா, ஏத்துங்க, பனி சாம்பலா அழுக்கா விழாம வெள்ளையா நிக்கும், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

சாயறதுக்கு காரணம் நீங்க கேமராவ மேல தூக்கறது. லெவலா வச்சு, தள்ளி நின்னு எடுத்துட்டு கீழ வர்ற ரோட்ட க்ராப் பண்ணிடுங்க.

கல்லோட டெக்ஸ்சர, அதாவது மேல்பக்க சொரசொரப்ப, எடுத்துப் பழகணும்னா சேலத்துலருந்து தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு போங்க, வெளிச்சம் தூண் மேல பக்கவாட்டுல விழற நேரமா பாத்து எடுங்க.