கொழுந்தனாரும் நண்டு ரத்தமும்

கேள்வி: புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. ஆனால் என் கொழுந்தனார், "நண்டு, இறாலுக்கு ரத்தமே இல்லை. ஒடிச்சுப் பாருங்க, தண்ணிதான் வரும். ரத்தம் இல்லாதது எப்படி அசைவமாகும்?" என்று சட்டம் பேசிக்கொண்டு துறைமுகத்திலிருந்து நண்டு வாங்கி வருகிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டே தின்னட்டும். அது அவர் பாடு, திருவந்திபுரத்துப் பெருமாள் பாடு. நடுவில் நண்டின் ரத்தத்தை இழுத்ததால்தான் நான் வாய் திறக்கிறேன்.

அந்தத் 'தண்ணி'தான் ரத்தம். நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்புள்ள ஹீமோகுளோபின், அதனால் சிவப்பு. நண்டு, இறாலில் அந்த வேலை செம்புள்ள ஹீமோசயனினுக்கு. பிராணவாயு ஏறினால் இளநீலம், இறங்கினால் நிறமே தெரியாது. நண்டுக் காலை ஒடித்ததும் கசிவதை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் பிடித்துச் சற்று நேரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக நீலம் தட்டும், கூழாக உறையும். குழம்பு கொதிக்கும்போது ஓட்டோரம் முட்டை வெள்ளைக்கரு போலத் திரிந்து ஒட்டுகிறதே, அதுவும் இந்த ரத்தம் வெந்ததுதான். இத்தனை வருஷம் அதைத்தான் வழித்துத் தின்றிருக்கிறார்!

நிறத்தை விடுங்கள், ஓடும் விதமே வேறு. நம் வீராணம் ஏரித் தண்ணீரையே பாருங்களேன். 200 கி.மீ.க்கு மேல் குழாயிலேயே அடைபட்டுச் சென்னைக்குப் போகிறது. அதே தண்ணீர் வாய்க்காலில் வந்தால் மடை திறந்ததும் வயலெங்கும் பரவி நிற்கிறது. நம் ரத்தம் சென்னைக்குப் போகிற தண்ணீர். நண்டு ரத்தம் வயல் தண்ணீர்: இதயத்திலிருந்து குழாயில்தான் கிளம்பும், ஆனால் பாதியில் குழாய் முடிந்து சதை இடுக்குகளில் பரவிவிடும். பிறகு வடிந்து, செவுள் வழியாகத் திரும்பி, இதயத்தின் பக்கவாட்டுத் துளைகளில் நுழையும். கரப்பானுக்கும் வயல் பாசனமே. ஆனால் அதன் ரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதில்லை, அதற்குத் தனியாகக் காற்றுக் குழல்கள் உண்டு.

மீனுக்கு வந்தால் குழாய்தான். மீன்காரம்மா செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டி "இப்ப வந்தது" என்கிறாரே, அந்தச் செவுளுக்குக் கொஞ்சம் கீழேதான் இதயம், இரண்டே அறை. அது தள்ளும் ரத்தம் மொத்தமும் முதலில் செவுளுக்குப் போகும். அங்கே மெல்லிய குழாய்களில் நுழைந்து வருவதற்குள் வேகம் தளர்ந்துவிடும். அந்தத் தளர்ந்த வேகத்திலேயே உடம்பைச் சுற்ற வேண்டும். நமக்கு நுரையீரலிலிருந்து ரத்தம் இதயத்துக்கே திரும்பி, இன்னொரு தள்ளு வாங்கிக்கொண்டு உடம்புக்குப் போகிறது. அதற்குத்தான் நான்கு அறை. கோழிக்கும் முதலைக்கும்கூட நான்குதான். தவளை மூன்றோடு சமாளிக்கிறது.

கொழுந்தனாரின் சட்டத்தைக் கணவாய் ஒரே அடியில் கவிழ்த்துவிடும். அதற்கு இதயம் மூன்று: செவுளுக்கு ஒவ்வொன்றாக இரண்டு, உடம்புக்கு ஒன்று. பாய்ந்து இரை பிடிக்கிற பிராணி, வயல் பாசனம் கட்டுப்படியாகாது, அதனால் முழுக்கக் குழாய். ஆனால் ரத்தம் நீலம்! மண்புழுவுக்கோ நம்மைப் போலச் சிவப்பு. அவர் கணக்குப்படி மண்புழு அசைவம், மூன்று இதயமுள்ள கணவாய் சைவம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இறாலின் முதுகைக் கீறி எடுக்கும் கறுப்பு நூலை 'நரம்பு' என்கிறோம். அது நரம்புமில்லை, ரத்தக்குழாயுமில்லை. குடல், உள்ளே இருப்பது இறால் கடைசியாகத் தின்றது. இதயம் தலை ஓட்டுக்குள் இருக்கிறது, தலையைக் கிள்ளும்போதே போய்விடும். ஆய்ந்து கழுவும் வேலையை இந்த மாதம் கொழுந்தனாரிடமே விட்டுவிடுங்கள், அவரே தேடிப் பார்த்துக்கொள்ளட்டும்.