44 உறுப்பினர்களும் 87 கவுன்சிலர்களும்

கேள்வி: இங்கிலாந்தின் கார்ன்வால் கவுண்டி முன்பு நாடாளுமன்றத்துக்கு 44 பேரை அனுப்பியதாம்; இன்று அனுப்புவது ஆறே பேர். தனி மொழியும் அடையாளமும் உள்ள ஒரு சிறுபான்மையினரின் குரலை லண்டன் நசுக்கிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பதில்: வேண்டும். அந்த 44 பேரும் கார்ன்வால் மக்களின் குரலாக ஒருநாளும் இருந்ததில்லை. பொசினி, செயின்ட் மாஸ் போன்ற சிற்றூர்களுக்கெல்லாம் தலா இரண்டு இடங்கள் இருந்தன. ஒரு சிலருக்கே வாக்குரிமை இருந்த அவ்வூர்களில் நிலப்பிரபு நினைத்தவரே உறுப்பினரானார். ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்த 1707-க்குப் பின் ஸ்காட்லாந்து முழுவதற்கும் 45 இடங்கள், கார்ன்வாலுக்கு மட்டும் 44, பெருந்தொழில் நகரங்களாக வளர்ந்துகொண்டிருந்த மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் ஒன்றுகூட இல்லை என்பதுதான் அன்றைய கணக்கு. கார்ன்வாலின் அச்சிற்றூர்களுள் ஒன்றான கிராம்பவுண்டின் இடங்கள் லஞ்சத்துக்காக 1821-இல் பறிக்கப்பட்டன. 1832 சீர்திருத்தச் சட்டம் மொத்தத்தை 14 ஆக்கியது. பறிபோனது பிரபுக்களின் சொத்து. அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை.

இன்றைய ஆறு இடங்கள் நியாயமானவையே. ஒரு தொகுதியில் 69,724 முதல் 77,062 வரை வாக்காளர்கள் இருக்க வேண்டும் என்ற வரம்புக்குள் ஆறும் அடங்குகின்றன. குறை ஒன்று உண்டு: வைட் தீவுக்கு இரண்டு தொகுதிகள் என்று சட்டமே உறுதி தருகிறது, 2014-இல் தேசியச் சிறுபான்மையினராக அங்கீகரிக்கப்பட்ட கார்ன்வால் மக்களை அண்டைக் கவுண்டியான டெவனிலிருந்து பிரிக்கும் டேமர் ஆற்று எல்லைக்கோ அத்தகைய காப்பு இல்லை. எல்லையைத் தாண்டி டெவனோடு சேர்த்து ஒரு தொகுதி அமைக்கும் யோசனை இருமுறை வந்து கைவிடப்பட்டது.

ஆனால் உண்மையான இழப்பு நீங்கள் பார்க்காத இடத்தில் நிகழ்ந்தது. 2009 ஏப்ரலில் காரடன், காரிக், கெரியர், வட கார்ன்வால், பென்வித், ரெஸ்டார்மல் ஆகிய ஆறு மாவட்டக் கவுன்சில்களும் கலைக்கப்பட்டு, வீட்டுவசதி, கட்டட அனுமதி, குப்பை அகற்றல் முதல் பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பு வரை அனைத்தும் ட்ரூரோ நகரில் உள்ள ஒரே கவுன்சிலிடம் சேர்ந்தன. 123 கவுன்சிலர்களுடன் தொடங்கிய அம்மன்றத்தை 2021-இல் 87 ஆகவும் குறைத்தார்கள். ஏறத்தாழ 5,70,000 மக்களுக்கு 87 பேர் என்றால், ஒருவருக்குச் சுமார் 6,500 பேர். வடகோடி பியூடில் வசிப்பவரின் வீட்டுக் கோரிக்கை 80 கிலோமீட்டர் தொலைவில் முடிவாகிறது. செலவு மிச்சம் என்பார்கள். அந்த மிச்சத்துக்குக் கொடுத்த விலையை நான் பெரிதென்றே கருதுகிறேன்.

ஊர் மன்றங்களும் நகர மன்றங்களும் இன்னும் இருக்கின்றன, அதிகாரம்தான் சொற்பம். அந்தச் சொற்பத்தைக் கொண்டே செயின்ட் ஐவ்ஸ் நகரம், புதிதாகக் கட்டப்படும் வீடுகள் விடுமுறைக்கு மட்டும் வந்துபோவோரின் இரண்டாம் வீடுகளாகிவிடக் கூடாது என்ற விதியை 2016 மே மாத வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஆதரவோடு நிறைவேற்றியது. அருகிலுள்ள சில்லித் தீவுகளுக்கு, மக்கள்தொகை ஏறத்தாழ 2,000 மட்டுமே ஆயினும், எல்லாப் பொறுப்புகளும் கொண்ட தனிக் கவுன்சில் இன்றும் உண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் அத்தீவினர் செயின்ட் ஐவ்ஸ் தொகுதியோடு வாக்களிக்கிறார்கள். இரண்டாயிரம் பேருக்குத் தகும் என்று ஏற்கப்பட்ட உரிமை, அதைவிடப் பன்மடங்கு மக்கள் வாழ்ந்த பென்வித்துக்கு ஏன் மறுக்கப்பட்டது என்று கேளுங்கள்.