எழுத்துக்கூட்டத் தெரிந்துவிட்டது, அடுத்து?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கிறோம். ஆங்கில எழுத்துகளை ஒலிகளாகக் கூட்டி வாசிக்கும் ஃபோனிக்ஸ் பயிற்சியை முழுதாக முடித்துவிட்டான். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைக் காட்டினாலும் வாசித்துவிடுகிறான். தமிழும் எழுத்துக்கூட்டிப் படிப்பான். ஆனால் தானாகப் புத்தகத்தை எடுப்பதில்லை. என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறான். தங்கைக்கு இரவில் நான் கதை படிக்கும்போது மட்டும் வந்து ஒட்டிக்கொள்கிறான். ‘உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, போய்ப் படி’ என்று அனுப்பிவிடுகிறேன். அடுத்த நிலைப் பயிற்சித் தொகுப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கேள்விக்கு விடையைக் கடிதத்தின் நடுவில் நீங்களே எழுதிவிட்டு, கவனிக்காமல் கடந்துபோயிருக்கிறீர்கள். கதை கேட்க வருகிற பையனை விரட்டாதீர்கள்.

ஃபோனிக்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. அதன் வேலை அவ்வளவுதான். 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். உங்கள் மகனுக்கு முதல் எண் வந்துவிட்டது. நீங்கள் வாங்க நினைக்கும் தொகுப்பும் அந்த முதல் எண்ணையே மேலும் கூட்டப் பார்க்கும். இரண்டாவது எண் காது வழியாக வளர்வது.

இப்படி யோசித்துப் பாருங்கள். ‘ஐலண்ட்’ (island, தீவு) என்ற ஆங்கிலச் சொல்லை அவன் கற்ற விதிப்படி ‘இஸ்லாண்ட்’ என்றுதான் வாசிப்பான். அந்தச் சொல்லை முன்பே கேட்டிருந்தால், கப்பல் கரை ஒதுங்கும் வரியில் அது வரும்போது தானே திருத்திக்கொள்வான். கேட்டிராத பிள்ளை தவறாகவே வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பொருளும் கூடவே போய்விடும்.

எட்டு வயதில் காதால் புரிந்துகொள்ளக்கூடிய கதைக்கும் கண்ணால் படிக்க முடிந்த கதைக்கும் இடையே பெரிய தூரம். இந்தத் தூரம் இன்னும் சில ஆண்டுகளுக்கு இருக்கும். அவன் தனியாகப் படிக்க முடிந்த புத்தகத்தில் பூனை பாயில் உட்காருகிறது. அதில் அவனுக்கு என்ன சுவாரசியம் இருக்கும்? அவனால் தனியாகப் படிக்க முடியாத, ஆனால் கேட்டால் புரிகிற கதைகளாகப் பார்த்து நீங்கள் படித்துக் காட்டுங்கள். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போவதும் நல்ல உத்திதான். தந்திரம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

தமிழில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் ஆங்கிலத்தில் உள்ள அளவு குழப்பம் இங்கே இல்லை. 247 எழுத்தும் பிடிபட்டால் ஏறக்குறைய எதையும் வாசித்துவிடலாம். ஆனால் ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒரு சொல் வந்தால், கடைசி எழுத்தை எட்டுவதற்குள் முதல் பாதி மறந்துபோகும். ஒரு துண்டுத் தாளில் பேசி, கொண்டு, இருந்தவர்கள், இடமிருந்து என்று பிரித்து எழுதிக் காட்டுங்கள். பிறகு அவனையே சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். இன்னொன்று: வீட்டில் ‘வந்துட்டான்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தின் ‘வந்துவிட்டான்’ பாதி அந்நியம். அந்தத் தமிழ் காதுக்குப் பழகவும் நீங்கள் உரக்கப் படிப்பதுதான் வழி. பாட்டி வீட்டில் இருந்தால் அவரிடம் நாளிதழைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

புரிதலுக்கு விஷய ஞானமும் வேண்டும். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். வீட்டில் கற்பிக்கிற உங்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. மணியடித்துப் பாடம் மாற்ற வேண்டியதில்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலம் உங்களுக்குப் பக்கத்தில்தானே? பூநாரையையும் கூழைக்கடாவையும் நாமக்கோழியையும் பார்த்துவிட்டு வந்து, ஒரு மாதம் முழுக்கப் பறவைகளைப் பற்றியே படிக்கலாம். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது புத்தகத்தில் அவனே வேகமெடுப்பான். அவனுக்குப் பறவை பிடிக்கவில்லை, மெட்ரோ ரயில்தான் பிடிக்கும் என்றால் ரயிலே ஆகட்டும்.

புத்தகத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அவனை இறக்கிவிட்டு, எதை எடுக்கிறான் என்று தள்ளி நின்று பாருங்கள். வீட்டுக்கு எடுத்துவர உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படக்கதையை எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள்.

‘என்ன படித்தாய்?’ என்ற விசாரணையையும் நிறுத்திவிடுங்கள். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்ததும் நாம் அவரை இப்படிக் கேட்கிறோமா? ‘அந்த நரி செய்தது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மறுத்துப் பேச அவனுக்கு ஆசை வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சில மாதம் கழித்தும் வரி தாவுகிறான், தலைவலி என்கிறான் என்றால் முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். கண்ணில் குறையில்லாமல், நீங்கள் சொல்வதற்கு மாறாக ஒவ்வொரு சொல்லுக்கும் திணறுகிறான் என்றால், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு உதவும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் சென்னையிலேயே இருக்கிறது. அங்கே ஆலோசனை கேளுங்கள்.