த்ரில்லர் குறும்படம் எடுக்கப்போகும் மாணவர்களுக்கு: ஷூட்டிங்குக்கு முந்தைய கேள்வி பதில்

இந்த செமஸ்டரில் த்ரில்லர் எடுக்கப்போகும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். பத்து நிமிடப் படம், ஐந்தாறு பேர் குழு, இரண்டு மூன்று நாள் ஷூட்டிங், கைக்காசு. பெரும்பாலோர் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்கள் கதை இது. வேலைக்காகச் சென்னைக்கு வரும் ஒரு பெண் தனியாக வாடகை வீட்டில் குடியேறுகிறாள். அந்த வீட்டின் இன்னொரு சாவி வேறு ஒருவனிடம் இருக்கிறது. கடைசிக் காட்சியில்தான் அது தெரியவரும். வாயால் சொன்னால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எழுதிப் படித்தால் பதற்றமே வரவில்லை. ஏன்? (திருச்சி, இரண்டாம் ஆண்டு)

பதில்: வாயால் சொல்லும்போது இரண்டாவது சாவி இருப்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறீர்கள். கேட்பவருக்கு உடனே பயம் வருகிறது. ஸ்கிரிப்டில் அதைக் கடைசிவரை ஒளித்துவைத்துவிட்டீர்கள். அப்படியானால் முதல் எட்டு நிமிடம் பார்ப்பவர் என்ன பார்க்கிறார்? ஒரு பெண் பெட்டியைப் பிரிக்கிறாள், சமைக்கிறாள், தூங்குகிறாள். பயப்பட அவரிடம் ஒரு காரணமும் இல்லை.

முதல் நிமிடத்திலேயே தெருவோரச் சாவிக் கடையில் ஒரு கை டூப்ளிகேட் சாவி வாங்குவதைக் காட்டுங்கள். முகம் வேண்டாம். அடுத்த காட்சியில் வீட்டு உரிமையாளர் அதே மாதிரிச் சாவியை அவளிடம் கொடுக்கட்டும். இனி அவள் குளிக்கப் போனாலும் பயம், தாழ்ப்பாள் போட மறந்தாலும் பயம். ஆபத்து என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள். ஆள் யார் என்பதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்டைத் திருத்துவதற்கு முன் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். காட்சி எண், அவளுக்கு என்ன தெரியும், அவனுக்கு என்ன தெரியும், பார்ப்பவருக்கு என்ன தெரியும். ஒவ்வொரு காட்சிக்கும் நிரப்புங்கள். ‘பார்ப்பவருக்கு என்ன தெரியும்’ என்ற கட்டத்தில் மூன்று காட்சி தொடர்ந்து ஒன்றுமே மாறவில்லை என்றால் படம் அங்கேதான் தொய்கிறது. அந்தக் காட்சிகளில் ஒன்றைத் தூக்குங்கள், இல்லையென்றால் புதிதாக ஒரு விஷயம் தெரியவரட்டும். என்னைக் கேட்டால் ஸ்டோரிபோர்டைவிட (ஒவ்வொரு ஷாட்டையும் படமாக வரைந்துவைப்பது) இந்த ஒரு தாள்தான் முக்கியம். கேமராவை எங்கே வைப்பது, எந்தச் சத்தம் கேட்க வேண்டும், எந்தப் பொருளுக்குக் க்ளோஸப், எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

கேள்வி: கடைசியில் ஹீரோவே கொலைகாரன், அவனுக்கு இரட்டை ஆளுமை என்று ட்விஸ்ட் வைத்திருக்கிறோம். சரியாக வருமா மேடம்?

பதில்: மாணவர் படங்களில் இந்த ட்விஸ்ட் அடிக்கடி வருகிறது, மூன்றாவது நிமிடத்திலேயே பார்ப்பவர்கள் யூகித்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் ஒரு மனநோயை நியாயமாகக் காட்டவும் முடியாது. நோயாளிகளைக் கொலைகாரர்களாகக் காட்டுவது எனக்கு உடன்பாடும் இல்லை.

எந்த ட்விஸ்ட் வைத்தாலும், நடந்தது நடந்தபடி, குற்றவாளியின் பக்கம் நின்று கதையை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எப்போது முடிவு செய்தான், ஏன் இந்த ராத்திரி, அவன் எதிர்பார்க்காமல் நடந்தது எது? ஓட்டை எல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர் “நான் ஏன் இப்போது உள்ளே வருகிறேன்?” என்று கேட்டால் சொல்வதற்கும் பதில் இருக்கும்.

கேள்வி: ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று சொல்கிறார்களே, எங்கள் ஸ்கிரிப்ட் ஆறு பக்கம்தான். போதுமா?

பதில்: அந்தக் கணக்கு ஆங்கில ஸ்கிரிப்டுக்கு, 12 பாயின்ட் கூரியர் எழுத்தில், ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் தட்டச்சு செய்தால் பொருந்தும். தமிழில் எழுத்துரு மாறினால் பக்கமும் மாறிவிடும். த்ரில்லரில் இன்னொன்றும் உண்டு. “கதவைத் திறக்கிறாள்” என்ற ஒரு வரி திரையில் நாற்பது நொடி ஓடலாம். அதனால் எல்லோரும் உட்கார்ந்து, நடந்து, கதவைத் திறந்து, வசனம் பேசி, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தை நம்புங்கள்.

கேள்வி: லொகேஷன் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் அக்கா? நண்பனின் மாமா வீடு காலியாக இருக்கிறது, குரோம்பேட்டையில். (சென்னை, இறுதியாண்டு)

பதில்: ராத்திரிக் காட்சி என்றால் ராத்திரியில் போய்ப் பாருங்கள். பகலில் பார்த்த வீடு வேறு, ராத்திரி வீடு வேறு. முதலில் பத்து நிமிடம் பேசாமல் நின்று கேளுங்கள். பக்கத்து வீட்டு சீரியல், கோயில் ஒலிபெருக்கி, மின்சார ரயில், தெருநாய், தண்ணீர் மோட்டார். எது எந்த நேரத்தில் நிற்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மின்சாரம். 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நாலரை ஆம்ப் அளவுக்கு இழுக்கும். இரண்டை ஒரே 6 ஆம்ப் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டுச் செருகினால் ஒன்று ட்ரிப் ஆகும், இல்லையென்றால் வயர் உருகும். ஏசி, கீசருக்கான 16 ஆம்ப் பிளக் எங்கே இருக்கிறது, மெயின் சுவிட்ச் எங்கே என்று பாருங்கள். பழைய வயரிங் என்றால் எல்இடி விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பத்துக்குப் பத்து அறையில் நடிகர், கேமரா, விளக்கு, மைக் பிடிப்பவர் நான்கும் நிற்க இடம் இருக்காது. வாசலில் இருந்தோ ஜன்னலுக்கு வெளியே இருந்தோ எடுக்க முடியுமா என்று பாருங்கள். வெளியே இருந்து யாரோ பார்ப்பது போன்ற உணர்வு உங்கள் கதைக்கு ஒத்துவந்தால் அது லாபம்தான்.

அப்புறம் வீட்டின் வரைபடம். கதவு, ஜன்னல், மாடிப்படி, சமையலறை, எல்லாவற்றையும் தாளில் போட்டு, ஆள் நடக்கும் பாதையையும் கேமரா நிற்கும் இடத்தையும் குறியுங்கள். பின்கதவு ஒன்று இருக்கிறது என்று பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான், அவள் முன்கதவைப் பூட்டும்போது அவர் பதறுவார். வீட்டின் அமைப்பைச் சாதாரணக் காட்சி ஒன்றிலேயே காட்டிவிடுங்கள். சாமான் இறக்கும் காட்சி அதற்கு நல்ல இடம்.

உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் அலறினால் யாராவது 100க்கு அடிப்பார்கள், அடிக்கத்தான் வேண்டும். காவல் நிலையத்தில் துறைத் தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

கேள்வி: படம் முழுக்க ராத்திரிதான். லைட் வாடகைக்குக் காசில்லை.

பதில்: வீட்டுக்குள் நடக்கும் ராத்திரியைப் பகலில் எடுங்கள். ஜன்னலுக்கு வெளியிலிருந்து கருப்புத் துணியோ கருப்புச் சார்ட்டோ ஒட்டிவிட்டால் போதும், நடிகர்களும் சோர்வடைய மாட்டார்கள். வெளிச்சத்துக்கு வீட்டில் இருக்கும் பல்பு, டேபிள் லைட், ஃபிரிட்ஜ் வெளிச்சம், செல்போன் டார்ச். காட்சிக்குள்ளேயே தெரியும் விளக்கு என்பதால் கதையோடு ஒட்டும். கரண்ட் போகும் காட்சி என்றால் ஒரு எமர்ஜென்சி லைட்டே காட்சியைத் தாங்கும்.

தெரு, மொட்டை மாடி போன்ற வெளிப்புறங்களை அந்தி நேரத்தில் எடுக்கலாம். ஆனால் நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் மறைந்தபின் கேமராவுக்குப் பயன்படும் வெளிச்சம் அரை மணி நேரம்கூட நீடிக்காது. ஒரு மாலைக்கு மூன்று நான்கு ஷாட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள். ஒத்திகையை வெயில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பகலில் எடுத்து ராத்திரியாக மாற்றுவதும் உண்டு. ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிற அமைப்பை) 3200 கெல்வினில் வைத்து, இரண்டு ஸ்டாப் இருட்டாக (வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறைத்து) எடுத்து, வானத்தை ஃப்ரேமுக்குள் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலா வெளிச்சக் காட்டுக்கு ஒத்துவரும். தெருவிளக்கு எரியும் ஊருக்குப் போலியாகத்தான் தெரியும்.

கேள்வி: செல்போனிலேயே எடுக்கலாமா? சோதித்துப் பார்த்ததில் ட்யூப்லைட் இருக்கும் இடத்தில் கோடுகோடாக ஓடுகிறது.

பதில்: தாராளமாக எடுக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஆட்டோவில் விட்டால் போன் ஷட்டரைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும், கோடு வரும். மேனுவல் செயலி ஒன்றைப் போட்டு (பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம்) நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி என்று பூட்டிவிடுங்கள். ஃபோகஸையும் ஒயிட் பேலன்ஸையும் சேர்த்துப் பூட்டுங்கள். லொகேஷன் பார்க்கப் போகும் நாளிலேயே ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிடம் எடுத்து, பெரிய திரையில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: லைவ் சவுண்டா, டப்பிங்கா? (மதுரை)

பதில்: த்ரில்லருக்கு லைவ் எடுக்கவே முயலுங்கள். மூச்சுத் திணறலும் கிசுகிசுப்பும் டப்பிங்கில் அதே உயிரோடு மறுபடி வருவது கடினம். ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசி மூன்றையும் அணைக்க வேண்டியிருக்கும். வெக்கையில் நடிகர்களுக்கு வியர்க்கும் என்பதால் டேக்குகளுக்கு நடுவே இடைவெளியையும் ஷெட்யூலில் சேருங்கள். (ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காமல் இருக்க, ஒருவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது நல்ல பழக்கம்.) மைக் இல்லையென்றால் இன்னொரு செல்போனை நடிகரின் சட்டைப் பையில் ரெக்கார்டில் போட்டு, எடிட்டில் படத்தையும் சத்தத்தையும் பொருத்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளாப் அடியுங்கள்.

ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எடிட்டில் வசனங்களை ஒட்ட அது வேண்டும். கூடவே சத்தங்களுக்குத் தனிப் பட்டியல் எழுதுங்கள்: தாழ்ப்பாள், சாவிக்கொத்து, இரும்பு கேட், படிக்கட்டில் செருப்பு. சாவிக் கதையில் அந்தக் கொத்தின் சத்தம்தான் வில்லனின் அடையாளம். பார்ப்பவருக்கு அது எப்போது பழக வேண்டும் என்பதை அந்த நான்கு கட்டத் தாளில் குறியுங்கள்.

கேள்வி: ஸ்டோரிபோர்டு போட எங்கள் குழுவில் யாருக்கும் வரைய வராது.

பதில்: வேண்டியதில்லை. லொகேஷனுக்குப் போய், நடிகருக்குப் பதில் நண்பர்களை நிறுத்தி, ஒவ்வொரு ஷாட்டையும் போனில் ஸ்டில் எடுங்கள். வரிசையாக அடுக்கி, சத்தம் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பாதி ஷாட் தேவையே இல்லை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: க்ளைமாக்ஸில் போலீஸ் யூனிஃபார்ம், பொம்மைத் துப்பாக்கி, ரயில் தண்டவாளத்தில் துரத்தல் எல்லாம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் சீக்கிரம் எடுத்துவிட்டு வந்துவிடலாமா?

பதில்: கூடாது. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147இன் கீழ் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட, காதில் ஹெட்ஃபோனோடு கேமராவைப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு ரயில் வருவது தெரியாது. ஒரு செமஸ்டர் படத்துக்காக யாரும் அங்கே நிற்க வேண்டாம். துரத்தலைக் குறுகலான சந்துக்கோ காலியான கல்லூரிக் கட்டடத்துக்கோ மாற்றுங்கள். ரயில் சத்தத்தைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் யூனிஃபார்ம் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக்கூடப் போகக் கூடாது. பொம்மைத் துப்பாக்கியும் அப்படித்தான், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது. நான்கு சுவருக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். கத்தி என்றால் அட்டையில் வெட்டி வெள்ளி நிறம் அடியுங்கள். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் மேல் யாரையும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: பழைய இளையராஜா பாட்டை பத்து நொடி மட்டும் போட்டால் காப்பிரைட் வராதாமே?

பதில்: பத்து நொடியோ முப்பது நொடியோ வரை போடலாம் என்று 1957 காப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. யூட்யூபில் ஏற்றினால் உரிமை கோரல் வந்துவிடலாம். கடம், மிருதங்கம், பறை வாசிக்கும் நண்பர் ஒருவராவது கல்லூரியில் இருப்பார். அவரை ஸ்கிரிப்ட் நேரத்திலேயே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

கேள்வி: மூன்று நாள் ஷெட்யூல் போடுவது எப்படி? ரத்தக் காட்சி இருக்கிறது, நடிப்பவர் எங்கள் ஜூனியர் பெண். (கோவை)

பதில்: கதை வரிசையை விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் நடப்பவை எல்லாம் ஒன்றாக. அதற்குள் சட்டை கறையாகும் காட்சி கடைசியில். சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், துளி கோகோ பவுடர் சேர்த்தால் ரத்தம் தயார். துணியில் கறை போகாது, அதனால் ஒரே மாதிரி மூன்று உடை வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் அந்த ஷாட் ஒரே டேக் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சிறிய குழுவுக்கு ஒரு நாளைக்கு இருபது ஷாட்டே அதிகம். இருட்டில் இன்னும் குறையும். முக்கியமான காட்சியை முதல் நாள் காலையில் வைக்காதீர்கள், குழு பழக அரை நாள் ஆகும்.

அந்தப் பெண்ணிடம் யார் எங்கே தொடுவார்கள், எப்படி விழ வேண்டும் என்று முன்பே பேசி, ஒத்திகை பார்த்து, அவர் வேண்டாம் என்பதை விட்டுவிடுங்கள். செட்டில் இன்னொரு பெண்ணாவது இருக்கட்டும். ராத்திரி எத்தனை மணிக்கு முடியும், யார் வீட்டில் விடுவார் என்பதை அவர் அம்மா அப்பாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். பட்ஜெட்டில் முதலில் எழுத வேண்டியது சாப்பாடும் இந்தப் பயணச் செலவும்தான்.

கேள்வி: மெமரி கார்டு எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்தால் மணிக்கு சுமார் 45 ஜிபி. அன்றன்று ராத்திரியே இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்கள், இரண்டும் ஒரே பையில் போகக் கூடாது. காப்பியைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.

கேள்வி: அக்கா, ஷூட்டிங்குக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. டைரக்டர் இன்னும் காட்சிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறான். நான் அசிஸ்டென்ட். எப்படிச் சொல்வது?

பதில்: வசனத்தை மாற்றட்டும், அது ஸ்பாட்டில்கூட மாறும். ஆனால் ஒரு விஷயம் பார்ப்பவருக்கு எந்தக் காட்சியில் தெரியவருகிறது என்பதை இனி மாற்றினால் ஷாட் லிஸ்ட், ப்ராப்பர்ட்டி (காட்சிக்கு வேண்டிய பொருட்கள்), கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள் மாறாமல் இருப்பது) எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். குழுவாக உட்கார்ந்து அந்த நான்கு கட்டத் தாளை முன்னால் வையுங்கள். அவன் சொல்லும் மாற்றத்தைப் பென்சிலால் அதில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதிய பிறகு பதற்றம் கூடுகிறது என்றால், தம்பி, நீங்களும் ஒப்புக்கொண்டு அன்று ராத்திரியே ஷெட்யூலைத் திருத்துங்கள். கூடவில்லை என்றால் அவனே அழித்துவிடுவான்.